சுந்தராபுரத்தில் வீடு பார்த்திருக்கிறோம்: பட்டறைச் சத்தம் பழகிவிடுமா?

மூணேகால்சென்ட் | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். ஆறு வருடமாகக் கோவை கணபதியில் வாடகை வீடு. மனைவிக்குக் கிணத்துக்கடவு பக்கம் ஒரு பள்ளியில் வேலை, தினமும் ஊரையே குறுக்கே கடந்து போய் வருகிறாள். எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அதனால் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் போய்விடலாம் என்று பேச்சு.

சுந்தராபுரத்துக்கு உள்ளே, சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகிற பக்கம், மூணேகால் சென்ட்டில் கீழ்வீடு மட்டும் கட்டிய இடம் ஒன்று வந்திருக்கிறது. எழுபது லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே சொல்கிறார்கள். பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு பட்டறை, சுற்றிலும் இன்னும் ஏழெட்டு. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் போய்ப் பார்த்தோம். காற்று அப்படியே அள்ளிக்கொண்டு போனது. பட்டறைப் பக்கம் மூச்சே இல்லை. லோன் இழுத்தடித்ததில் அப்போது விட்டுவிட்டோம். இப்போது கார்த்திகையில் விலையை இறக்கிக்கொண்டு புரோக்கர் திரும்ப வந்திருக்கிறார். இன்று மறுபடி போனோம். இதுவும் ஞாயிறுதான், அவருக்கு அன்றைக்குத்தான் தோதுப்படுமாம்.

அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் சொல்லுங்கள். சத்தம், தண்ணீர், வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு நாற்றம், எல்லாமே. மகளுக்கு நான்கு வயது.

ஹவுசிங்யூனிட்_அக்கா | ஞாயிறு, இரவு 9:40

தம்பி, ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தால் நம்ம குறிச்சிப் பக்கம் எல்லா வீடுமே நல்ல வீடுதான். உங்கள் புரோக்கர் விவரமான ஆள்.

ஞாயிறு பட்டறைக்கு லீவு. ஆடிக்காற்று குப்பை நாற்றத்தை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டும் சேர்ந்த நாளில் கூட்டிப்போனால் யாருக்குத்தான் பிடிக்காது? ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். சாயங்காலம் போய் ராத்திரி வரைக்கும் அங்கேயே உட்காருங்கள்.

நான் 1989ல் இருந்து இங்கே ஹவுசிங் போர்டு கட்டிய ஹவுசிங் யூனிட்டில் இருக்கிறேன். அப்பாவுக்கு அலாட்மென்ட் ஆன வீடு. பள்ளிக்கூடம், மருந்துக் கடை, காய்கறி, பொள்ளாச்சி பஸ், எதற்கும் குறையில்லை. குறை இருப்பது வேறு இடத்தில். அதை மற்றவர்கள் சொல்லட்டும், நான் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

சரவணம்பட்டியான் | ஞாயிறு, இரவு 9:51

அதே எழுபதுக்கு இங்கே அரை வீடு வரும். சத்தம் இருக்காது, ரோடும் இருக்காது.

நொய்யலோரம் | ஞாயிறு, இரவு 10:30

அக்கா சொன்ன காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கிறார்கள், வாஸ்து பார்க்கிறார்கள், காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை.

நமக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாய். ஜூனில் இருந்து செப்டம்பர் வரை அந்த இடைவெளி வழியாகக் காற்று மேற்கிலிருந்து நேராக வந்து மோதும். வெள்ளலூர்க் கிடங்கு சுந்தராபுரத்துக்கு வடகிழக்கே, போத்தனூரைத் தாண்டி இருக்கிறது. அதனால் ஆடியில் நாற்றம் முழுக்க அதற்கும் கிழக்கே இருப்பவர்களுக்குத்தான். ஐப்பசி பிறந்ததும் காற்று திரும்பும். மார்கழி, தையில் விடிகாலையில் காற்று கனத்துக் கீழேயே நிற்கும். அப்போது கதவைத் திறந்து பாருங்கள், தெரியும். தினமும் வராது. வருகிற அன்று சோறு இறங்காது.

2024 ஏப்ரலில் கிடங்கு தீப்பிடித்தது நினைவிருக்கும். பல நாள் புகைந்தது. நாங்கள் போத்தனூரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தோம், அம்மாவை ஈரோட்டுக்கு அனுப்பிவிட்டோம். சுந்தராபுரம் வரைக்கும் அந்த அளவுக்கு வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

(வெள்ளலூர் என்றால் இன்றைக்குக் குப்பைதான் ஞாபகம் வருகிறது. 1842ல் அங்கே கிடைத்தது ரோமானிய வெள்ளி நாணயப் புதையல். அப்புறமும் சில தடவை கிடைத்திருக்கிறது. நொய்யல் கரையோரம் மேற்குக் கடற்கரையில் இருந்து வந்த வணிகப் பாதை அது. இப்போதும் ஊரில் உள்ள எல்லாமே அங்கேதான் போய்ச் சேருகிறது.)

லேத்துக்காரர் | திங்கள், காலை 7:05

எனக்குச் சிட்கோவுக்கு வெளியே சொந்தப் பட்டறை. இரண்டு லேத்து, ஒரு மில்லிங், கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மெஷின் ஒன்று. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர் ஜாப் ஒர்க். அதனால் நான் யார் பக்கம் பேசுவேன் என்று தெரிந்தே படியுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். "பட்டறைச் சத்தம்" என்று ஒரு சத்தம் கிடையாது. லேத்து ஓடினால் பக்கத்தில் நின்று பேசலாம், சிஎன்சி மூடிய கதவுக்குள் ஓடுகிறது. தூக்கத்தைக் கெடுப்பது மூன்று: தகட்டை அடித்து அழுத்துகிற பவர் பிரஸ், கிரைண்டிங் வீல், கம்ப்ரசர். இந்த மூன்றில் உங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரஸ் என்றால் காதில் கேட்பதைவிடத் தரையில் தெரியும். டம்ளரில் தண்ணீர் வைத்துப் பாருங்கள், வட்டம் வட்டமாக ஆடும்.

இரண்டாவது, நேரம். இது வெளியாட்களுக்குத் தெரியாது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியபோது உச்ச நேரக் கட்டணம் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. காலை 6 முதல் 10, சாயங்காலம் 6 முதல் 10. போராட்டம், கடையடைப்பு எல்லாம் நடந்து 2023ல் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் பழக்கம் மாறிவிட்டது. அவசர ஆர்டர் இருந்தால் பலர் ஆறு மணிக்கு நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுப் படுத்து, பத்து மணிக்கு மேல் மெஷினைப் போடுகிறார்கள். நீங்கள் ஏழு மணிக்கு வந்து பார்த்தாலும் அமைதியாகத்தான் இருக்கும். பத்தரைக்கு வாருங்கள்.

எங்களுக்கும் ராத்திரி வேலை பார்க்க ஆசையில்லைங்க. 2012ல் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் நடுச்சாமத்தில் எழுந்து ஓடிய ஆட்கள் நாங்கள்.

இன்னொன்று. எங்கள் அப்பா 1986ல் இங்கே ஷெட் போட்டபோது நாலு பக்கமும் சோளக்காடு. ராத்திரி நரி ஊளையிடும் என்பார். வீடுகள் எல்லாம் அப்புறம் வந்தவை. நிலம் மலிவு என்று பட்டறை ஓரம் வாங்கி, வீட்டைக் கட்டி, பால் காய்ச்சி, மறு மாதம் புகார் கொடுப்பது என்ன நியாயம்?

டெசிபல்55 | திங்கள், காலை 8:20

அந்தப் புகார் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே பதில் சொல்கிறேன்.

நான் மலிவு என்று வாங்கவில்லை. வாங்கும்போது பக்கத்து ஷெட்டில் பேக்கிங் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து வாடகைக்கு வந்தவர் பிரஸ் இறக்கினார். நான் பட்டறைக்குப் பக்கத்தில் வந்து குடியேறவில்லை, பிரஸ்தான் எனக்குப் பக்கத்தில் வந்தது. என் மகன் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் அது. போய்க் கேட்டால் "நீங்க அப்புறம் வந்தவங்க" என்று இதே வசனம்தான் சொன்னார்கள்.

2000ல் வந்த ஒலி மாசு விதி என்ன சொல்கிறது? குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தொழிற்பகுதியில் பகலில் 75, இரவில் 70. இரவு என்பது 10 மணியில் இருந்து காலை 6 வரை. நீங்கள் மெஷினைப் போடுகிற அதே பத்து மணி! கட்டணம் போடுகிறவர்கள் உங்களைப் பத்து மணிக்கு மேல் ஓட்டச் சொல்கிறார்கள், விதி போட்டவர்கள் பத்து மணிக்கு மேல் நிறுத்தச் சொல்கிறார்கள். நடுவில் படுத்திருப்பது நான்.

லேத்துக்காரர் | திங்கள், காலை 8:44

இது நல்ல பாயின்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் இடம் தொழிற்பகுதி, உங்கள் இடம் குடியிருப்பு என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் 75, இந்தப் பக்கம் 55. நடுவில் இருப்பது ஒன்பது இன்ச் சுவர். அது இருபது டெசிபலைத் தடுக்க வேண்டுமா? அதற்கு நான் என்ன செய்ய?

டெசிபல்55 | திங்கள், காலை 8:52

கம்ப்ரசரை என் படுக்கையறைச் சுவரில் இருந்து தள்ளி வைக்கலாம்.

லேத்துக்காரர் | திங்கள், காலை 8:55

என்னிடம் இருப்பது ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறது சாமி. என்னை அடிக்காதீர்கள்.

கரிமணல் | திங்கள், பகல் 2:15

இரண்டு பேரும் யார் முதலில் வந்தது என்று அடித்துக்கொள்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் முன்னால் நாங்கள் இருந்தோம். மாச்சம்பாளையம் எங்கள் ஊர். குறிச்சி அதற்கும் பழசு, குறிச்சிக் குளம் அதற்கெல்லாம் பழசு. நொய்யலில் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒன்றுக்கு அடுத்து ஒன்றாகக் குளங்களை நிறைத்த காலத்துக் குளம் அது. முந்நூறு ஏக்கருக்கு மேல். சிட்கோவும் கிடையாது, ஹவுசிங் யூனிட்டும் கிடையாது. 2011 வரைக்கும் நாங்கள் கோயமுத்தூரே கிடையாது, குறிச்சி நகராட்சி.

நான் முப்பத்தொரு வருடம் ஃபவுண்டரியில், அதாவது இரும்பு வார்க்கிற பட்டறையில், மோல்டிங் வேலை பார்த்தவன். சைக்கிளில் பத்து நிமிடத்தில் வேலைக்குப் போய்விடுவேன். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த வசதிக்காகத்தான் இங்கே வீடும் பட்டறையும் ஒன்றாகக் கிடக்கின்றன. யாரும் திட்டம் போட்டுக் கலக்கவில்லை. 1932ல் பைக்காரா கரண்ட் வந்து மில்லுகள் பெருகியது, மில்லுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறை வந்தது, கிணற்றுக்கு மோட்டார் வந்தது, மோட்டாருக்குக் கேசிங் ஊற்ற ஃபவுண்டரி வந்தது. வேலைக்கு வந்தவன் எங்கே படுப்பான்? பட்டறைக்குப் பின்னால் லைன் வீடு. பட்டறைக்காரர் வீடு பட்டறைக்கு மேலே.

எங்கள் வீட்டுக்காரம்மாவும் கோர் ஷாப்பில்தான் இருந்தாள். கோர் போடுவது இன்றைக்கும் பெரும்பாலும் பெண்கள் வேலை. உள்ளே குழியாக வர வேண்டிய இடத்துக்கு மணலில் அச்சுப் பிடித்து வேகவைத்து எடுக்க வேண்டும், கை பதமாக இருக்க வேண்டும். சாயங்காலம் வந்தால் சேலையில் அந்தப் பிசின் நெடி போகாது. மகள் பக்கத்திலேயே வர மாட்டாள். அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் இப்போது பெங்களூரில் இருக்கிறாள், லீவுக்கு வந்தால் "எப்படிப்பா இந்தச் சத்தத்தில் இருக்கீங்க" என்கிறாள்.

அந்தக் காலத்தில் குப்போலா உலை. கோக் கரியைப் போட்டு ஊதினால் ஊரே கறுப்பாகும், காயப்போட்ட துணியில் கரித்தூள் படியும். இப்போது பெரும்பாலும் இன்டக்ஷன் ஃபர்னஸ், கரண்டில் உருக்குகிறார்கள். புகை வெகுவாகக் குறைந்துவிட்டது. புகைக்குப் பயப்படாதீர்கள் தம்பி. பட்டறையில் இருந்து வெளியே தள்ளுகிற கரிமணலைப் பாருங்கள். காலி மனையில் கறுப்பு மணல் மேடு இருந்தால் அந்த மனையின் பக்கம் போக வேண்டாம். மழை வந்தால் அது எங்கே போகும் என்று யோசியுங்கள்.

லைன்வீடு | திங்கள், பகல் 3:02

கரிமணல் அண்ணா சொன்ன லைன் வீட்டில்தான் நான் பிறந்தேன். பத்து வீட்டுக்கு இரண்டு பாத்ரூம். அப்பா தேனியில் இருந்து வந்தவர். இப்போது அதே வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள். ஞாயிறு சாயங்காலம் சுந்தராபுரம் சந்தடியில் இந்தியில்தான் காய்கறி விலை கேட்கிறது. கடைக்கார அக்காக்கள் அதற்குள் இந்தி பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், "ஆலு பச்சாஸ்" என்று கொங்கு ராகத்தில் இழுப்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வீடு பார்க்க வருகிறவர்கள் "பக்கத்தில் வடக்கத்தி ஆட்கள் இருக்கிறார்களா" என்று கேட்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் "தேனிக்காரங்க இருக்காங்களா" என்று கேட்டிருப்பார்கள்.

மூணேகால்சென்ட் | திங்கள், மாலை 6:30

இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. நன்றி. கரிமணல் ஐயா, கறுப்பு மணல் எதையும் நான் பார்த்த ஞாபகம் இல்லை, மறுபடி கவனிக்கிறேன். லைன்வீடு, அப்படிக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

பத்திரம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? வீட்டுவரி ரசீது, ஈபி கார்டு எல்லாம் இருக்கிறது, "கிளியர்" என்கிறார் புரோக்கர். பஸ் ஸ்டாண்ட் வரப்போகிறது, விலை ஏறும் என்றும் சொல்கிறார்.

ஹவுசிங்யூனிட்_அக்கா | திங்கள், மாலை 6:38

வெள்ளலூர் பஸ் ஸ்டாண்டா? பாதியில் நிற்கிற தூண்களை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாங்க. அதை நம்பி நிலம் வாங்கினவங்க எங்கள் தெருவிலேயே இருக்காங்க. ஆனால் உக்கடம் மேம்பாலம் நிஜம். 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். அதற்கு முன்னால் ஆத்துப்பாலத்தைத் தாண்டுவதற்குள் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டுவிடலாம்.

சங்கிலியளவு | திங்கள், இரவு 9:10

சர்வே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுவரி ரசீதும் ஈபி கார்டும் "கிளியர்" என்பதற்குச் சாட்சி இல்லை. வரி கட்டுகிறார்கள், கரண்ட் வாங்குகிறார்கள், அவ்வளவுதான் அவற்றுக்கு அர்த்தம்.

மனை அனுமதி பெற்ற லேஅவுட்டில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த விதி வந்தது. இந்தப் பக்கம் பாதி மனைகள் அந்த வழியில் வந்தவை. வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, சர்வே எண்ணைக் கொடுத்து அந்த இடம் எந்த நிலப் பயன்பாட்டில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். கோவைக்கு 1994ல் ஒப்புதலான முழுமைத் திட்டம் உண்டு, அப்புறம் புதிய திட்டமும் வந்திருக்கிறது. இரண்டிலும் பாருங்கள். மேலே இரண்டு பேர் 55, 75 என்று சண்டை போட்டார்களே, அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீடு தொழிற்பகுதி என்று வரைபடத்தில் இருந்தால் ராத்திரி பிரஸ் ஓடுகிறது என்று புகார் கொடுக்கப் போகும்போது உங்களைத்தான் திருப்பிக் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று, இது காகிதத்தில் இருக்காது. சிட்கோவைச் சுற்றிப் பழைய ஷெட்டை வீடாக மாற்றி விற்பது உண்டு. ஹால் தரையில் சதுரமாக நான்கு இடத்தில் சிமெண்ட் வைத்து அடைத்த துளை இருக்கிறதா என்று பாருங்கள். லேத்து நின்ற இடம் அது. கூரை மட்டும் தேவைக்கு மேல் உயரம், வாசல் கதவு மட்டும் தேவைக்கு மேல் அகலம் என்றாலும் சந்தேகப்படுங்கள். டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஓரத்தில் எண்ணெய்க் கறை ஊறி வந்திருக்கும், எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் போகாது.

சரவணம்பட்டியான் | திங்கள், இரவு 9:15

துப்பறியும் கதை மாதிரி இருக்கு.

நொய்யலோரம் | திங்கள், இரவு 9:48

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோயமுத்தூர் என்றாலே சிறுவாணி என்று வெளியூரில் பெருமை அடிப்போம். குறிச்சி, குனியமுத்தூர் பக்கம் ஆழியாற்றுத் தண்ணீர். ருசியில் குறை சொல்ல முடியாது, வருகிற நாள்தான் கணக்கு. போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். வாங்குவதற்கு முன்னால் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பட்டறைகளுக்கு நடுவில் உள்ள போர் என்பதால் உப்பை மட்டும் பார்க்காமல் உலோகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் குழந்தையைக் கூட்டிப்போகக் குளக்கரை இருக்கிறது. நடைபாதை போட்டிருக்கிறார்கள், தமிழ் எழுத்துகளால் ஆன திருவள்ளுவர் சிலை நிற்கிறது, கூட்டம் அள்ளுகிறது. எனக்கு அதில் ஒரு மனக்குறை. சிலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் திரும்பித் தண்ணீரைப் பார்ப்பதில்லை. ஆகாயத்தாமரை அவ்வளவு பச்சையாக இருக்கிறதே, அது எதைச் சாப்பிட்டு அப்படி வளர்கிறது?

டெசிபல்55 | செவ்வாய், காலை 6:50

மூணேகால்சென்ட், ஒன்று சொல்ல விட்டுப்போனது. நான் இவ்வளவு பேசினேன், ஆனால் வீட்டை விற்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது. பிரஸ்காரர் கடைசியில் மெஷினுக்கு அடியில் ரப்பர் மவுண்ட் வைத்தார், பத்து மணிக்கு மேல் பிரஸ் போடுவதில்லை என்று வாய்மொழியாக ஒப்பந்தம். எந்த அலுவலகமும் இதைச் செய்து கொடுக்கவில்லை. என் மோட்டார் ஒரு நாள் ராத்திரி எரிந்துபோனபோது அவர்தான் வந்து கழற்றி, பக்கத்துப் பட்டறையில் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டி, மறுநாள் மத்தியானம் மாட்டிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதற்கப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

லேத்துக்காரர் | செவ்வாய், காலை 7:20

இதை நேற்றே சொல்லியிருந்தால் எனக்குப் பிபி ஏறியிருக்காதே.

மூணேகால்சென்ட் | புதன், காலை 9:35

நேற்றுப் போனோம். புரோக்கரிடம் சொல்லாமல் போனோம். ஐந்தரைக்குப் போய்ப் பதினொன்று வரை இருந்தோம், நடுவில் பேக்கரியில் டீ, பன், மறுபடி டீ.

ஐந்தரைக்குத் தெரு முழுக்க வேலைச் சத்தம், ஆனால் தாங்க முடியாதது இல்லை. ஆறு மணிக்கு மணி அடித்த மாதிரி எல்லாம் நின்றது. ஏழு, எட்டு, ஒன்பது வரைக்கும் அவ்வளவு அமைதி. மனைவி என்னைப் பார்த்து, "பயமுறுத்திட்டாங்க உங்க ஆட்கள்" என்றாள். பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமியது. அப்புறம் பிரஸ். மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகள் திடுக்கிட்டு எழுந்தாள்.

நேராகப் பட்டறைக்குள் போய்விட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எந்த வீடு என்று கேட்டார், சொன்னேன். சிரித்தார். அது அவருடைய தம்பி வீடாம். முழுக்க ஒரே ஷெட்டாக இருந்ததைப் பாகம் பிரித்து, நடுவில் சுவர் வைத்து, தம்பி தன் பாதியை வீடாக மாற்றியிருக்கிறார். சங்கிலியளவு ஐயா, டைல்ஸ் ஒட்டியிருக்கிறது, துளை தெரியவில்லை. ஆனால் எங்கே லேத்து நின்றது என்று அவரே தரையைக் காட்டிச் சொன்னார். மகளுக்கு அறை என்று நாங்கள் நினைத்து வைத்திருந்த இடம்.

அவர் குடியிருப்பது பட்டறைக்கு மேல் மாடியில்தான். வயதான அம்மாவும் கூட இருக்கிறார். அவருக்கு இந்தச் சத்தத்தில் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்டேன். "மெஷின் நின்னாத்தாங்க எந்திரிச்சிருவாங்க, கரண்ட் போயிருச்சான்னு கேப்பாங்க" என்றார்.

அந்த வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் கிளம்பும்போது அவரே, இரண்டு தெரு தள்ளி ஹவுசிங் யூனிட்டில் தெரிந்தவர் ஒருவர் பழைய வீட்டை விற்கப் போகிறார், புரோக்கர் இல்லை, போய்ப் பாருங்கள் என்று நம்பர் கொடுத்தார். சின்ன வீடு, இரண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. ராத்திரி பதினொரு மணிக்கு வெளியே நின்று கேட்டோம். பிரஸ் சத்தம் கேட்கிறது, தூரத்தில் யாரோ மாவிடிக்கிற மாதிரி. மகள் எழவில்லை.

அக்கா, முப்பது வருடத்துக்கு மேல் ஆன ஹவுசிங் போர்டு வீடு. சுவர், கூரை எல்லாம் எப்படி? மேலே கட்ட முடியுமா?

ஹவுசிங்யூனிட்_அக்கா | புதன், காலை 10:05

கூரை ஓரத்தில் கம்பி தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் விலையில் பேசிக்கொள்ளலாம். மேலே கட்டுவதை இன்ஜினியரைக் கூட்டிவந்து கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். பாதாளச் சாக்கடைக்கு எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாங்க.

வெள்ளிக்கிழமை காலையில் வாங்க. அன்றைக்குத் தண்ணீர் விடுகிற முறை. டேப்பை நீங்களே திறந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பார்த்துவிடலாம். வந்ததும் கூப்பிடுங்க, அந்த வீட்டுக்கு எதிர் வரிசையில் மூன்றாவது வீடுதான் எங்களுடையது. பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.